உயர்த்திய வண்டிக்கு ‘டோ’ மட்டும் போதாது

பிக்கப்போ ஜீப்போ வாங்கி, அதை இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி ஓட்டுகிறவர்கள் இன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இசுஸு வி-கிராஸ் 2016-இல் விற்பனைக்கு வந்தது. புதிய தார் 2020-இலும், டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இலும், ஜிம்னி 2023-இலும் வந்தன. நான்குக்கும் லிஃப்ட் கிட் கிடைக்கிறது. மாட்டித் தரப் பட்டறைகளும் இருக்கின்றன. கூடவே எல்லார் வாயிலும் ஒரு பேச்சு இருக்கிறது: “லிஃப்ட் போட்டாச்சா? போற வழியில ஒரு அலைன்மென்ட் பாத்துடுங்க. டோ பிடிச்சா போதும், வண்டி நேரா போகும்.” இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், “ரெண்டு இன்ச்சுக்கெல்லாம் அலைன்மென்ட்டே தேவையில்ல” என்கிறார்கள்.

இரண்டுமே தவறு. இரண்டாவது பேச்சை யாரும் நீண்ட நாள் நம்ப முடியாது, டயரே பொய்யாக்கிவிடும். முதலாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் அது பாதி உண்மை. டோ சரியாக இருந்தால் வண்டி நேராகப் போவதுபோல் தெரியும், ஸ்டீயரிங் நடுவில் நிற்கும், அலைன்மென்ட் தாளில் பச்சை நிறம் வரும். பணம் கொடுத்தவருக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றாது. ஆனால் லிஃப்ட் போட்ட வண்டியில் கெட்டுப்போகிற கோணங்களில் டோ ஒன்றுதான் சுலபமாகத் திருத்தக்கூடியது. மற்றவை திருந்தாமலே சாலைக்கு வந்துவிடுகின்றன. லிஃப்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகு போகிற போக்கில் பார்த்துக்கொள்ளும் சங்கதியாக அலைன்மென்ட்டை நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். ஒரு வண்டியை எவ்வளவு உயர்த்தலாம் என்பதை முடிவு செய்யவேண்டியதே அந்தக் கோணங்கள்தான் என்பது என் கட்சி.

உயர்த்துவது சட்டப்படி சரியா என்பது வேறு வழக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் வண்டியை மாற்றியமைப்பதற்குக் கடுமையான எல்லை போட்டிருக்கின்றன. அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் இங்கே பேசுவது, ஏற்கெனவே உயர்த்தப்பட்டு நம் சாலைகளில் மற்றவர்களோடு ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளைப் பற்றி.

டோவில் இருந்தே தொடங்குகிறேன், அதன் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பதுதான் டோ. வண்டியை உயர்த்தியதும் டை ராட்கள் கீழ்நோக்கிச் சரிந்து, சக்கரத்தை ஒரு பக்கமாக இழுக்கின்றன. ஸ்டீயரிங் ரேக் அச்சுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பும். ஒரு சக்கரம் அரை டிகிரி தவறாக நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோணத்தின் சைனைத் தூரத்தால் பெருக்கினால் வரும் கணக்கு இது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேருவதற்குள் அந்த டயர் நான்கு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் குறுக்காகத் தேய்ந்திருக்கும்.

அந்தத் தேய்மானத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் கையால் பார்த்துவிடலாம். வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முன் டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக வைத்துத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த் திசையில் ஒவ்வொரு ரப்பர் கட்டத்தின் ஓரமும் உள்ளங்கையில் கீறும். அப்படிக் கீறினால் டோ போயிருக்கிறது. கீறல் ஏதும் இல்லாமல் ஒரு ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால், பெரும்பாலும் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம், கெட்டிருக்கிறது. ஏ.டி. (ஆல் டெரெய்ன்) டயர் போட்டவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். கட்டங்கள் ஒருபக்கமாகத் தேயும்போது எழும் உறுமலை, “ஏ.டி. டயர்னா சத்தம் வரத்தான் செய்யும்” என்று சொல்லி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

டோவை டை ராடைத் திருகி யாரும் சரிசெய்யலாம். ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் பிடித்த டோ, ஓடும் வண்டியில் அப்படியே இருப்பதில்லை. கம்பெனியில் வண்டியை வடிவமைக்கும்போது டை ராடும் லோயர் ஆர்மும் ஏறத்தாழ ஒரே வட்டத்தில் ஏறி இறங்கும்படி அமைத்திருப்பார்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் டோ அதிகம் மாறக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. வண்டியை உயர்த்தியதும் இரண்டும் அந்த வட்டத்தின் வேறு பகுதிக்கு நகர்ந்துவிடுகின்றன. ஒவ்வொரு குலுக்கலிலும் டோ முன்பைவிட அதிகமாக மாறுகிறது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருக்கும்போதே, சாலையின் ஒட்டுப்போட்ட பகுதியில் வண்டி தானாக ஒரு வெட்டு வெட்டுவது இதனால்தான். தாளில் அச்சான டோ எண்ணால் இதைச் சொல்ல முடியாது.

இனி காஸ்டர். இந்த விவாதத்தில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். பட்டறைகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கைகளை விட்டாலும் சைக்கிள் கொஞ்ச தூரம் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். காரிலும் பிக்கப்பிலும் சக்கரம் திரும்பும் அச்சுக்கு அதே பின்சாய்வு உண்டு; அதுதான் காஸ்டர். வளைவை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் அது தானாக நடுவுக்கு வருவதும், வேகத்தில் வண்டி தன்னைத் தானே நேர்ப்படுத்திக்கொள்வதும் பெரும்பாலும் இந்தச் சாய்வால்தான். அது குறைந்துவிட்டால் ஓட்டுநர் ஓயாமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்காது. அதனால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். நேராகவும் போகாது, அவ்வளவுதான். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டீயரிங்கைத் தானே கையால் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்தவருக்கு இது எப்படியிருக்கும் என்று தெரியும். ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, உயரமும் கூடி காஸ்டரும் குறைந்த ஒரு பிக்கப் லாரிகளுக்கு நடுவே போவதை நினைத்துப் பாருங்கள்.

“முன்பக்கம் தூக்கினா காஸ்டர் கூடத்தானே செய்யும்?” என்று விவரம் தெரிந்தவர் ஒருவர் கேட்கலாம். சரியான கேள்வி. முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் சேஸிஸ் பின்னோக்கிச் சாய்கிறது, அந்த அளவுக்குக் காஸ்டர் கூடவே செய்யும். ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. ஆர்ம்கள் கீழே இறங்கும்போது கேம்பர் மாறுகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு மாறும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். ஹைலக்ஸ் போன்ற வண்டியில் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் இரண்டு கேம் போல்ட்களைத் திருப்பித்தான் கேம்பரையும் காஸ்டரையும் சரிசெய்ய வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும். எதிரெதிராக நகர்த்தினால் காஸ்டர் மாறும். கேம்பரைத் திருப்பிக் கொண்டுவரவே இரண்டு போல்ட்டும் கடைசிவரை போய்விட்டால், காஸ்டருக்கு என்று மிச்சம் எதுவும் இருக்காது. அப்போது கேம்பரைக் காப்பாற்றுவதா, காஸ்டரைக் காப்பாற்றுவதா என்று அலைன்மென்ட் பார்ப்பவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கேம்பர் கெட்டால் டயர் தேயும், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். காஸ்டர் கெட்டால் யாரும் வரமாட்டார்கள். எது கைவிடப்படும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்த இடத்தில் மாற்று அப்பர் ஆர்ம் தேவைப்படுகிறது. அதன் பால் ஜாயிண்ட் பின்னோக்கி நகர்த்தி வைக்கப்பட்டிருப்பதால், போல்ட்டைத் தொடாமலே கொஞ்சம் காஸ்டர் கிடைக்கிறது. எல்லா லிஃப்டுக்கும் அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிறிய உயர்த்தலில் கம்பெனி ஆர்மை வைத்துக்கொண்டே கோணங்கள் திரும்ப வரலாம். வருகிறதா இல்லையா என்பதை அளந்துதான் சொல்ல முடியும். கிட்டின் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அங்குலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த அங்குலமே பலரை ஏமாற்றுகிறது. முன் ஸ்ட்ரட்டின் தலையில் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால், சக்கரத்தில் 25 மில்லிமீட்டர்தான் உயரும் என்று நினைக்கிறார்கள். ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நடுப்பகுதியை ஒட்டி உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் அது சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். “ஒரு இன்ச்சுதான் போட்டேன்” என்பவரின் வண்டி உண்மையில் இரண்டு அங்குலத்தை நெருங்கி நிற்கிறது. போதாததற்கு, மேலே வைத்த ஸ்பேசர் சக்கரம் தொங்கும் கீழ் எல்லையையும் அதே கணக்கில் கீழே தள்ளுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது பால் ஜாயிண்ட்டும் சி.வி. ஜாயிண்ட்டும் முன்பு போகாத கோணத்துக்குப் போகின்றன.

பின்பக்கத்தை மட்டும் உயர்த்துகிறவர்களுக்கு இன்னொரு தப்பெண்ணம். சரக்கு ஏற்றினால் பின்னால் அமுங்குகிறது என்று லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டவர், “முன்னால எதையும் தொடலியே, அலைன்மென்ட் எதுக்கு?” என்று கேட்பார். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095 மில்லிமீட்டர். பின்பக்கம் 50 மில்லிமீட்டர் ஏறினால் வண்டி முழுவதும் ஏறத்தாழ 0.9 டிகிரி முன்னோக்கிச் சாயும். முன்சக்கரத்தின் காஸ்டரில் அப்படியே 0.9 டிகிரி போச்சு. முன்பக்கத்தில் ஒரு நட்டைக்கூட யாரும் தளர்த்தவில்லை, ஆனால் ஸ்டீயரிங்கின் குணம் மாறிவிட்டது. யு போல்ட்டை ஒரு பக்கம் அதிகமாக இறுக்கி, சென்டர் போல்ட் தன் குழியில் சரியாக உட்காராமல் போயிருந்தால் பின் அச்சே கொஞ்சம் கோணலாக நிற்கும். பழைய லாரிப் பட்டறைகளில் நூல் பிடித்தே இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு சக்கர அலைன்மென்ட் எந்திரத்துக்குப் பின் அச்சு கண்ணிலேயே படாது. அதனால் லிஃப்ட் போட்ட வண்டிக்கு நான்கு சக்கர அலைன்மென்ட் என்பதில் பேரமே கிடையாது.

“ஜிம்னிக்கு இதெல்லாம் இல்ல, அது பீம் ஆக்ஸில். டோ மட்டும்தான் அட்ஜஸ்ட் பண்ண முடியும்.” இந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். இரண்டாவது வாக்கியம் உண்மை, முதலாவது தவறு. அட்ஜஸ்ட் செய்ய முடியாது என்பதற்காக அந்தக் கோணம் மாறாமல் இருந்துவிடாது. ஜிம்னியின் முன் அச்சை இரண்டு நீண்ட கைகள் பின்னால் சேஸிஸோடு இணைக்கின்றன. சேஸிஸ் மேலே போனால் அந்தக் கைகள் சரிந்து, அவற்றோடு இறுகப் பிணைந்த அச்சையும் சுழற்றுகின்றன. ஒரு பேச்சுக்கு, கையின் நீளம் 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் அச்சு 4 டிகிரி சுழலும். அந்த 4 டிகிரியும் காஸ்டரிலிருந்து கழிகிறது. ஒற்றை இலக்கத்தில் இருக்கும் ஒரு கோணத்தில் 4 டிகிரி என்பது கொஞ்சநஞ்சமல்ல. இதற்குத் தள்ளுதுளை போட்ட காஸ்டர் புஷ் மாட்டலாம், அல்லது கைகளையே மாற்றலாம். அலைன்மென்ட் மேடையில் எதையும் திருகித் திருப்பிக் கொண்டுவர முடியாது என்பதாலேயே, பீம் ஆக்ஸில் வண்டியை உயர்த்தும் முன் காஸ்டரை அளந்து வைக்கவேண்டிய கட்டாயம் கூடுகிறது. குறுக்காக ஓடும் பன்ஹார்ட் ராடும் சரிந்து அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் கோணலாக நிற்பதைப் பார்த்து, “டிராக் லிங்க்கைத் திருகி நடுவுல வெச்சாச்சு” என்று அனுப்பிவிடுவார்கள். ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும், அச்சு வராது.

இனி அந்தப் பச்சைத் தாள். பலர் அதை உத்தரவாதச் சீட்டுபோல வைத்திருக்கிறார்கள். எந்திரம் சொல்வதெல்லாம், அளந்த எண் கம்பெனி சொன்ன எல்லைக்குள் இருக்கிறதா என்பது மட்டும்தான். அந்த எல்லை, கம்பெனி உயரத்தில் நிற்கும் வண்டிக்காக எழுதப்பட்டது. அதைவிடப் பெரிய கேள்வி, காஸ்டரை அளந்தார்களா என்பது. டோவும் கேம்பரும் வண்டி நேராக நிற்கும்போதே எந்திரத்தில் தெரியும். காஸ்டர் அப்படித் தெரியாது; முன்சக்கரங்கள் சுழல்தட்டின் மேல் நிற்க, ஸ்டீயரிங்கை இடப்பக்கமும் வலப்பக்கமும் குறிப்பிட்ட டிகிரி திருப்பினால்தான் கணக்கு வரும். அதைக் காஸ்டர் ஸ்விங் என்பார்கள். கூட்டமாக இருக்கும் நாளில் முதலில் விடுபடுவது அதுதான். நீங்கள் அடுத்த முறை போகும்போது காத்திருப்பு நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்று பாருங்கள். ரிம்மில் கிளாம்ப் மாட்டினார், வண்டியைக் கொஞ்சம் உருட்டினார், திரையைப் பார்த்து டை ராடைத் திருகினார், தாளை அச்சடித்தார். ஸ்டீயரிங் ஒரு முறையாவது இடம் வலம் போனதா? போகவில்லையென்றால் தாளில் காஸ்டர் கட்டம் காலியாக இருக்கும். அங்கே ஏதாவது எண் அச்சாகியிருந்தால், அது உங்கள் வண்டியில் அன்று அளந்த எண் அல்ல.

இதையெல்லாம் சொன்னால் எழும் கடைசி வாதம்: “லிஃப்ட் போட்டா டயர் தேயறதும், ஸ்டீயரிங் கொஞ்சம் லூசா இருக்கறதும் சகஜம். காட்டுல ஓட்டற வண்டி, கார் மாதிரியா இருக்கும்?” இந்தச் ‘சகஜம்’ என்ற சொல்தான் இத்தனை அரைகுறை வேலையையும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. காட்டில் ஓட்டுகிற வண்டியும் காட்டுக்குத் தார்ச்சாலையில்தான் போகிறது. வாரக் கடைசியில் பத்து கிலோமீட்டர் சேற்றில் ஓட்டுவதற்காக, போக வர நானூறு கிலோமீட்டர் நான்குவழிச் சாலையில் நூறைத் தொட்டு ஓட்டுகிறார்கள். காஸ்டர் குறைந்த வண்டி அங்கேதான் உயிரோடு விளையாடும். அதே சாலையில் எதிரே குழந்தையை முன்னால் உட்காரவைத்து பைக்கில் வருகிறவர், உங்கள் லிஃப்டுக்குச் சம்மதம் கொடுத்தவரல்ல.

“அப்பர் ஆர்ம் விக்கறதுக்காகப் பயமுறுத்தறாங்க” என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் பதில் உண்டு. பொருள் எதுவும் வாங்காமலே தீர்க்க ஒரு வழி எப்போதும் இருக்கிறது: உயரத்தைக் குறைப்பது. கோணம் வரவில்லையென்றால் ஸ்பேசரை மெல்லியதாக்கலாம், உயரம் மாற்றக்கூடிய ஸ்ட்ரட்டாக இருந்தால் காலரை இறக்கலாம். ஐம்பது மில்லிமீட்டரில் வராத காஸ்டர் முப்பதில் வந்துவிடலாம். லிஃப்ட் மாட்டுகிற பட்டறைகள் இந்த வழியை ஏன் முதலில் சொல்வதில்லை என்பதே எனக்கு வருத்தம். வாடிக்கையாளர் கேட்ட உயரத்தைக் கொடுத்துவிட்டு, கோணங்களை வேறு ஒரு கடையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கடைக்காரரோ, “லிஃப்ட் போட்ட வண்டி, இவ்வளவுதான் வரும்” என்று கையை விரிக்கிறார். இருவருக்கும் நடுவில் வண்டி முடிவடையாத வேலையோடு வீடு திரும்புகிறது.

ஆகவே பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். உயர்த்துவதற்கு முன் நான்கு சக்கரத்துக்கும் அளவு எடுத்த தாள் வேண்டும், காஸ்டர் ஸ்விங்கோடு. சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதியிருக்க வேண்டும். மாட்டும்போது ஆர்ம்களின் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும் நிலையில் கடைசி இறுக்கு இறுக்கவே கூடாது. வண்டி தன் எடையில் தரையில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி பொய் உயரத்தில் நிற்கும், அந்தப் பொய் உயரத்தில்தான் அலைன்மென்ட்டும் நடக்கும். பம்பர், வின்ச், பின்னால் வைக்கும் பெட்டி என்று வழக்கமாக எந்தச் சுமையோடு ஓட்டுவீர்களோ அதோடே வண்டியை மேடையில் ஏற்றுங்கள். முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், கடைசியில்தான் டோ. வரிசை மாறினால் முதலில் பிடித்தது கெட்டுவிடும். சறுக்கலைத் தடுக்கும் இ.எஸ்.சி. உள்ள வண்டியென்றால் ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு நடுநிலையைக் கற்பிக்காமல் சாவியை வாங்காதீர்கள். நேராகப் போகும் வண்டியைத் திரும்புவதாக அது நினைத்துக்கொண்டால், தேவையில்லாத நேரத்தில் பிரேக் போடும். புது ஸ்பிரிங் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கொஞ்சம் அமுங்கும், அப்போது மறுபடி ஒரு முறை அளக்க வேண்டும்.

இந்த இரண்டாவது அளவுக்கான கூலியையும் லிஃப்ட் விலையிலேயே சேர்த்துச் சொல்லும் பட்டறையிடம் வேலையைக் கொடுங்கள். அப்படிச் சொல்ல மறுக்கிறவரிடம், முன் அளவுத் தாளைக் காட்டி, பின் அளவில் காஸ்டர் எவ்வளவு வரும் என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தர முடியாத உயரத்துக்கு வண்டியைத் தூக்க வேண்டாம்.